இரண்டாவது வண்டி

அன்று சித்தப்பா நடந்து வந்தார்.

மாடியில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்த சித்திதான் முதலில் பார்த்தாள். வாசலில் நின்ற என்னைக் கூப்பிட்டு, "ஏய், உங்க சித்தப்பா நடந்து வர்றாருடி. பைக்கு எங்க?" என்றாள். பிறகு அவளே, "நடந்தா என்ன, ஓட்டினா என்ன? ரெண்டும் ஒரே வேகந்தானே" என்று சொல்லிச் சிரித்தாள்.

அது எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன கிண்டல். சித்தப்பா காவல்துறையில் ஓட்டுநர். சைரன் வைத்த வண்டியில் பறக்கிறவர் சொந்த பைக்கில் ஏறினால் எறும்பு முந்திக்கொண்டு போகும். கடைக்குப் போகும்போது பின்னால் உட்கார்ந்திருக்கும் சித்தி, "நான் இறங்கி முன்னாடி நடக்கிறேன், நீங்க மெதுவா வந்து சேருங்க" என்பாள். காவல் நிலையத்தில் அவருக்கு 'நிதானம்' என்று பட்டப்பெயர். வீட்டுக்கு ஃபோன் வந்தாலும் "நிதானம் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். அவரும் "நிதானந்தான் பேசுறேன்" என்பார்.

கீழ்வீட்டில் நாங்கள், மாடியில் சித்தப்பாவும் சித்தியும். அன்று அவர் மாடி ஏறவில்லை. படிக்கட்டின் முதல் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஷூவைக் கழற்றவில்லை. சட்டையில் கறை ஏதும் இல்லை. அதை ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. அவர் முகத்தைக் கண்டதும் என் கண் தானாகச் சட்டைக்குப் போனது.

"என்னாச்சு சித்தப்பா?"

"வண்டில ஒரு அம்மாவை இடிச்சுட்டேம்மா."

சித்தி பாதிப் படியில், கைநிறையத் துணியோடு நின்றுவிட்டாள்.

"அடி பலமா?" என்று கேட்டேன்.

"அங்கயே போயிருச்சு" என்றார். பிறகு, சம்பந்தமே இல்லாததுபோல, "கோட்டு மட்டும் கசங்கவே இல்ல" என்றார்.

அந்த வாக்கியம் அப்போது எங்களுக்குப் புரியவில்லை. அன்று முழுக்க அவர் அதற்குமேல் பேசவும் இல்லை. அடுத்த நாள் அப்பாவிடம் சொன்னதை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம். கடைவீதியில் இருக்கும் சலவைக்கடையில் அந்த அம்மாள் வேலை பார்த்திருக்கிறார். இஸ்திரி போட்ட கோட்டு ஒன்றை, பிளாஸ்டிக் உறை மாட்டி, தரையில் படாதபடி கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் இருக்கும் வாடிக்கையாளரிடம் கொடுக்கப் போயிருக்கிறார். வண்டி நின்றபோது அந்தக் கோட்டு முன்பக்கக் கம்பியில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்ததாம். மடிப்பு கலையாமல். சித்தப்பா இறங்கியதும் முதலில் பார்த்தது அதைத்தான். யாரோ நிற்கிறார்கள் என்று ஒரு கணம் நினைத்தாராம்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் வீட்டுக்கு வருகிற எந்தத் தாளும் என் கைக்குத்தான் வரும். மருந்துச் சீட்டு, மின்வாரியக் கடிதம், எதுவானாலும் "பாப்பாகிட்ட குடு" என்பார்கள். நான் படித்தது பொருளியல். மருந்துச் சீட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டதில்லை. சித்தப்பாவுக்கு விசாரணை என்று நோட்டீஸ் வந்தபோதும் அது என்னிடம்தான் வந்தது. வேலை தேடிக்கொண்டு வீட்டில் சும்மா இருந்த நாட்கள் அவை. ஏதோ ஒன்றுக்காவது பயன்படுகிறேனே என்று உள்ளுக்குள் சின்ன ஆறுதல்கூட வந்தது. இப்போது நினைத்தால் அந்த ஆறுதல் எனக்குப் பிடிக்கவில்லை.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எடுத்த எடுப்பில் போலீஸ்காரர் ஆனவர் இல்லை. முதலில் ஒரு ரொட்டிக் கம்பெனியின் வேன் ஓட்டினார். விடியும் முன் கடைகடையாக ரொட்டி இறக்கும் வேலை. திருப்பத்தில் ஒடித்துத் திருப்பினால் அடுக்கு சரிந்துவிடும் என்பதால் அவருக்கு அந்தக் கை வந்தது என்று அப்பா சொல்வார். பிறகு காவல்துறை ஓட்டுநர் தேர்வில் தேறினார். அவர் யாரையும் பிடித்ததில்லை, யாரையும் அடித்ததில்லை. பிடிக்கப் போகிறவர்களைக் கொண்டுபோய் இறக்குகிறவர், அவ்வளவுதான். "நான் போலீஸ் இல்லம்மா, போலீஸுக்கு டிரைவர்" என்று அவரே சொல்வார்.

ஆனால் வண்டி விஷயத்தில் அவரிடம் யாரும் வாலாட்ட முடியாது. பணிக்குப் போனதும் டயரை ஒவ்வொன்றாகக் காலால் தட்டிப் பார்ப்பார். கண்ணாடியைத் துடைப்பார். சைரனை அரை நொடி போட்டு நிறுத்துவார். எங்களுக்கு அவர் அடிக்கடி சொல்கிற ஒரு விஷயம், சைரனில் இருக்கும் இரண்டு சத்தங்களைப் பற்றியது. ஒன்று நீளமாக ஏறி இறங்குவது. அதற்கு ஓட்டுநர்கள் வைத்த பெயர் 'இழுப்பு'. இன்னொன்று விட்டுவிட்டு வேகமாகக் குதிப்பது. அது 'வெட்டு'. ஒரே ஒரு வண்டி போனால் இழுப்பு. இரண்டு வண்டிகள் சேர்ந்து போனால், முன்னால் போவது இழுப்பில் இருக்க வேண்டும், பின்னால் வருவது வெட்டுக்கு மாற வேண்டும். கியருக்குப் பக்கத்தில் இருக்கும் பலகையில் கட்டைவிரலால் ஒரு தட்டு. அவ்வளவுதான் வேலை.

ஏன் என்றால், தெருவில் நிற்கிறவர் காதுக்கு ஒரே சத்தம் இரண்டு வண்டியிலிருந்து வந்தால் ஒன்றாகத்தான் கேட்கும். முதல் வண்டி தாண்டிப் போனதும், மீதிச் சத்தம் போன வண்டியுடையது என்று நினைத்துக்கொள்வார்கள். "எல்லாரும் ஓரம் போயி நிப்பாங்க. வண்டி போனதும் என்னமோ ஏதோன்னு நடுரோட்டுக்கு வந்து எட்டிப் பாப்பாங்க. அப்பத்தான் ரெண்டாவது வண்டி வரும்" என்பார். சாப்பிட்டுக்கொண்டே இதைச் சொல்வார். சித்தி, "ஆரம்பிச்சுட்டாரு, வகுப்பு எடுக்க" என்று தட்டில் சோற்றைப் போடுவாள்.

அன்று என்ன நடந்தது என்பதை அவர் வாயிலிருந்து துண்டுதுண்டாகத்தான் பிடுங்க வேண்டியிருந்தது. சாலைச் சோதனையில் ஒரு பைக்கை நிறுத்தச் சொன்னார்கள். ஓட்டி வந்த பையன் நிற்காமல் பைக்கை விரட்டிக்கொண்டு போய்விட்டான். சித்தப்பாவின் பக்கத்து இருக்கையில் இருந்த அதிகாரி, "விடாதே, பிடி" என்றார். சித்தப்பா சைரன் போட்டுக் கிளம்பினார். கொஞ்ச தூரத்தில் இன்னொரு போலீஸ் வண்டி பக்கத்துத் தெரு வழியாகக் குறுக்கே வந்து அவருக்கு முன்னால் ஏறிக்கொண்டது. அப்படியே இரண்டு வண்டிகளும் கடைவீதிக்குள் நுழைந்தன.

"அந்தப் பையன் என்ன பண்ணினான் சித்தப்பா? திருட்டா?"

"லைசென்சு முடிஞ்சு போச்சாம். புதுப்பிக்கலையாம்."

நான் தவறாகப் புரிந்துகொண்டேனோ என்று திரும்பக் கேட்டேன். அதேதான்.

"பைக்கு நம்பரை யாரும் பாக்கலையா?"

"பாத்தோமே. மைக்குல சொன்னோம். நாங்க கடைவீதிக்குத் திரும்புறதுக்கு முன்னாடியே பேரு, விலாசம் எல்லாம் திருப்பிச் சொல்லிட்டாங்க."

"விலாசம் தெரிஞ்சு போச்சு. அப்புறமும் ஏன் துரத்தினீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை.

"துரத்தணுமா வேணாமான்னு டிரைவர் முடிவு பண்றதில்லம்மா" என்றார். சற்றுக் கழித்து, "அப்படிச் சொல்றதும் சரியில்ல. ஓடுறவனைப் பாத்தா கால் தானா அழுத்துது" என்றார்.

அந்தப் பையனை மறுநாள் காலை அவன் வீட்டில் வைத்தே பிடித்தார்கள். வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தானாம். காவலர் ஒருவர் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்துவிட்டானாம். இதைக் கேட்டு அப்பா, "அட, இவ்வளவுதானா?" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அன்று அவர் எதையும் சாப்பிடவில்லை.

விசாரணைக்கு முன் பக்கத்து இருக்கை அதிகாரி வீட்டுக்கு வந்தார். சீருடையில் இல்லை. "என்னப்பா நிதானம், முகத்தைச் சவரம் பண்ணக் கூடாதா?" என்று உரிமையோடு கேட்டுவிட்டு உட்கார்ந்தார். கெட்டவர் மாதிரியே தெரியவில்லை. சித்தி கொடுத்த டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

"விசாரணையில ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாங்க. பின்னாடி வந்த வண்டி வெட்டுல இருந்துச்சா, இழுப்புல இருந்துச்சா? வெட்டுலதான் இருந்துச்சுன்னு நான் சொல்லியாச்சு. நீயும் அதையே சொல்லு. வண்டிக்குள்ள ரெண்டே பேரு. ரெண்டு பேரும் ஒண்ணு சொன்னா மூணாவது ஆளுக்கு அங்க என்ன வேலை?"

"கடைக்காரங்க எல்லாம் ஒரே சத்தந்தான் கேட்டுச்சுன்னு சொல்றாங்களே சார்" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "படிச்ச பொண்ணா? சனங்களுக்குச் சத்தத்துல என்னம்மா வித்தியாசம் தெரியும்? அந்தம்மா கவனிக்காம இறங்கிருச்சு. பாவந்தான். அதுக்காக இருக்கிறவங்களும் சேர்ந்து சாகணுமா?"

அவர் போனதும் வீட்டில் பேச்சு மூண்டது. அப்பா குழாய் வேலை செய்கிறவர். அவர் உவமை எல்லாம் அங்கிருந்துதான் வரும். "எந்த வேலையிலயும் ஒருநாள் கசியும்டா தம்பி. அதுக்காக வீட்டையே இடிப்பாங்களா? சார் சொல்றபடி சொல்லிட்டு வா." சித்தியோ, "இவரு ஒரு கோழியைக்கூட ஏத்தினதில்ல" என்று எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொன்னாள். கோழி வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் அவள் குரல் உடைந்தது.

சித்தப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே, "மாத்தல. வெட்டுக்கு மாத்தல" என்றார்.

"மறந்துட்டீங்களா?" என்றாள் சித்தி.

அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

அப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படித்தவள் ஒரு வழி சொல்ல வேண்டும். நான் சொன்னேன்: "மாத்தினேன்னு பொய் சொல்ல வேணாம் சித்தப்பா. அவசரத்துல மறந்துட்டேன்னு சொல்லுங்க. அது உண்மைதானே. மனுஷனுக்கு மறதி வரும். தண்டனையும் குறையும்."

எல்லோருக்கும் அது பிடித்துப்போனது. அப்பா, "பாத்தியா, இதுக்குத்தான் படிக்கணுங்கிறது" என்றார். பொய்யும் இல்லை, வேலையும் போகாது. எனக்கே என் பேரில் மதிப்பு வந்தது. சித்தப்பா மட்டும் எழுந்து மாடிக்குப் போனார்.

விசாரணைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் வந்தார். நடுத்தர வயது. செருப்பை வாசலுக்கு வெளியே கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றார். "போலீஸ் டிரைவர் வீடு இதுதானுங்களா?" என்று கேட்டார். யார் என்று கேட்டதற்கு, "சலவைக்கடையில வேலை பாத்தாங்கல்ல... அவங்க வீட்டுக்காரர்" என்றார்.

அப்பா அப்போது சமையலறைக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு, கையில் பெரிய ஸ்பேனரோடு வேகமாக வெளியே வந்தார். வந்தவர் அதைப் பார்த்துவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினார்.

"சண்டைக்கு வரலைங்க."

அப்பாவுக்குத் தன் கையில் ஸ்பேனர் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. "ஐயோ, இது குழாய்க்குங்க" என்று பின்னால் மறைத்துக்கொண்டார். வேறு ஒருநாளாக இருந்தால் வீடே சிரித்திருக்கும்.

சித்தப்பா மாடியிலிருந்து இறங்கி வந்தார். வந்தவர் யார் என்று தெரிந்ததும் கடைசிப் படியில் கால் வைக்காமல் நின்றுவிட்டார். வந்தவர்தான் பேசினார்.

"அண்ணே, நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுறேன். நானும் ஸ்டியரிங் பிடிக்கிறவன்தான். குறுக்க வந்து விழுறவங்களால டிரைவர் படுற பாடு எனக்குத் தெரியும். உங்க வேலைக்கு ஆபத்துன்னு சொன்னாங்க. மனசு கேக்கல. அவளால உங்களுக்கு இந்தக் கஷ்டம். அதான், மன்னிச்சுக்கங்கன்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

மனைவியைப் பறிகொடுத்தவர், அவரை இடித்தவரிடம் வந்து மன்னிப்புக் கேட்கிறார். சித்தி என் கையைப் பிடித்தாள். அவள் நகம் என் தோலில் பதிந்ததை வெகுநேரம் கழித்துத்தான் பார்த்தேன்.

"உக்காருங்க" என்றார் அப்பா.

வேன்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "அவ எப்பவுமே அப்படித்தான் அண்ணே. ரோட்டைப் பாக்கவே மாட்டா. காய்கறியைப் பாப்பா, கடையைப் பாப்பா, எதிர்ல வர்றவ புடவையைப் பாப்பா, வண்டியை மட்டும் பாக்க மாட்டா. எத்தனை தடவை திட்டியிருப்பேன். 'ஒருநாள் நீ ரோட்டுலதான் போகப்போற'ன்னு சொல்லியிருக்கேன். போயிட்டா. ஆஸ்பத்திரியில துணியை விலக்கிக் காட்டினாங்க பாருங்க, அப்பக்கூடத் திட்டிட்டேன். 'சொன்னேனேடி, கேட்டியா'ன்னு."

"கேட்டுச்சு" என்றார் சித்தப்பா.

வேன்காரர் நிமிர்ந்தார்.

சித்தப்பா அந்தப் படியிலேயே உட்கார்ந்தார். "அவங்க கேட்டாங்க. ரோட்டைப் பாத்தாங்க. ஓரமா நின்னாங்க. நான் பாத்தேன். முன்னாடி வண்டி போற வரைக்கும் நின்னாங்க. போனதும் ரெண்டு பக்கமும் திரும்பிப் பாத்தாங்க. என் வண்டி அப்பத்தான் வளைவுல திரும்புது. அவங்க என் பக்கம் பாத்தப்ப நான் இல்ல, நான் திரும்புறப்ப அவங்க மறுபக்கம் பாத்துக்கிட்டிருந்தாங்க. சத்தம் இருந்துச்சு. அது போன வண்டியோட சத்தம்னு நினைச்சு இறங்கினாங்க."

"ரெண்டு வண்டியா?" என்றார் வேன்காரர். "ஒரு வண்டின்னுதானே சொன்னாங்க. ஸ்டேஷன்ல கையெழுத்து வாங்கும்போது ஒரு வண்டின்னுதான்…"

"ரெண்டு. ரெண்டாவது நான்."

பிறகு சித்தப்பா அந்த இரண்டு சத்தங்களைப் பற்றிச் சொன்னார். இழுப்பு, வெட்டு, யார் எதில் போக வேண்டும், ஏன். குரலை உயர்த்தாமல், ஒன்றையும் விடாமல். வேன்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார். இடையில், "எப்படி இருக்கும் அது? செஞ்சு காட்டுங்க" என்றார்.

சித்தப்பா வாயால் செய்து காட்டினார். முதலில் நீளமாக. பிறகு விட்டுவிட்டு. ஒரு பெரிய மனிதர், எங்கள் வீட்டுக் கூடத்தில், படியில் உட்கார்ந்து, சைரன் மாதிரிக் கத்திக்காட்டினார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

"ரெண்டாவது சத்தம் வந்திருந்தா அவ நின்னிருப்பா" என்றார் வேன்காரர்.

"நின்னிருப்பாங்க."

"நீங்க மாத்தல."

"மாத்தல."

"அவர் மறந்துட்டாருங்க" என்று சித்தி குறுக்கே விழுந்தாள். "அவசரத்துல மறந்துட்டாரு. வேணும்னா செஞ்சாரு?"

"மறக்கல" என்றார் சித்தப்பா.

அவர் யாரையும் பார்க்காமல் சொன்னார். "அந்த வண்டி குறுக்க வந்து முன்னாடி ஏறினப்பவே தெரியும், மாத்தணும்னு. கட்டைவிரல் பலகைமேலதான் இருந்துச்சு. ஆனா அது என் வண்டிக்கு வந்த வேலை. நான்தான் முதல்ல கிளம்பினேன். கடைவீதியைத் தாண்டினதும் அவனை முந்திடலாம்னு நினைச்சேன். மாத்தினா, நான் ரெண்டாவதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. அதான் தட்டல."

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். பைக்கில் எறும்பு வேகத்தில் போகிற, திருப்பத்தில் ரொட்டி சரியாமல் ஓட்டின என் சித்தப்பா. அவருக்குள் இப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. சித்திக்கும் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கணவர் அல்ல, வேறு யாரோ பேசுகிற மாதிரி அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த ஆளுக்குத்தான் நான் 'மறந்துட்டேன்' என்ற சொல்லைத் தேடிக் கொடுத்திருந்தேன். அவர் செய்ததற்கு ஏற்ற சொல் என் படிப்பில் எங்கேயும் இல்லை.

வேன்காரர் எழுந்தார். சித்தி வைத்திருந்த டீ அப்படியே இருந்தது. வாசல்வரை போய்த் திரும்பினார்.

"இதை அங்க சொல்லுவீங்களா?"

சித்தப்பா எழுந்து நின்றார்.

"வேலை போயிடுங்க" என்றாள் சித்தி. கெஞ்சலாகத்தான் சொன்னாள். "உள்ள வெச்சாலும் வைப்பாங்க."

"ஊருக்கெல்லாம் சொல்லிட்டேம்மா" என்றார் வேன்காரர். "அவ அக்காகிட்ட, எங்க அம்மாகிட்ட, என் பொண்ணுகிட்ட. எல்லார்கிட்டயும். அவ பாக்காம இறங்கிட்டான்னு."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார். தெருமுனைவரை அவர் அதைப் போட்டுக்கொள்ளவே இல்லை.

விசாரணை நாளில் நானும் சித்தியும் கூடப் போனோம். பெரிய கட்டடம், நீளமான நடைபாதை, சுவரோரம் பெஞ்சுகள். வேன்காரர் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். எங்களைப் பார்த்தார், தலையசைக்கவில்லை. பக்கத்து இருக்கை அதிகாரி சித்தப்பாவின் தோளைத் தட்டி, "ரெண்டு நிமிஷ வேலை. வெட்டு. அவ்வளவுதான்" என்றார். சித்தப்பா புதிதாகச் சவரம் செய்திருந்தார். தாடையில் ஒரு சின்ன வெட்டுக்காயம் இருந்தது.

அவர்கள் இருவரோடு வேன்காரரையும் உள்ளே கூப்பிட்டார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே விசாரித்தது ஒரு பெண் அதிகாரி. குரல் அமைதியாக இருந்தது. முதலில் வண்டி நிலவரம், வேகம், வளைவு என்று கேட்டார். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"பின்னால் வந்தபோது உங்க வண்டி எந்த ஒலியில இருந்தது?"

"இழுப்புல மேடம்."

பெஞ்சில் என் பக்கத்தில் சித்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

"மாத்தல?"

"இல்ல மேடம்."

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அந்தப் பெண் அதிகாரி கொஞ்சம் இறங்கி வந்த குரலில், "நெருக்கடியில மறந்துட்டீங்க. அப்படித்தானே?" என்றார்.

அது என் சொல். அவர் கருணையோடுதான் அதை நீட்டினார். பிடித்துக்கொண்டால் போதும். சித்தப்பா பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நான் அந்தக் கணத்தில் வேண்டினேன். உண்மை எல்லாம் எனக்கு வேண்டாம், அவர் வீட்டுக்கு வந்தால் போதும் என்று வேண்டினேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் வேண்டியது வேண்டியதுதான்.

"மறக்கல மேடம்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு மேடம். தெரிஞ்சேதான் மாத்தல. முந்தணும்னு நினைச்சேன். அந்தம்மா மேல தப்பே இல்ல. அவங்க நின்னு, பாத்துட்டுத்தான் இறங்கினாங்க. இன்னொண்ணு மேடம், பையனோட விலாசம் எங்களுக்குக் கடைவீதிக்கு முன்னாடியே வந்துருச்சு. அப்பவே நிறுத்தியிருக்கணும். நானும் கேக்கல, யாரும் சொல்லல."

உள்ளே பக்கத்து இருக்கை அதிகாரி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பெண் அதிகாரி, "நீங்க இருங்க" என்றார். பிறகு பேனா எழுதுகிற சத்தம் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. அல்லது எனக்குக் கேட்கவில்லை.

முதலில் வெளியே வந்தது வேன்காரர். பெஞ்சைப் பார்க்காமல் நடைபாதையின் கோடிக்குப் போய், ஜன்னலோரம் நின்று, சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தார். முதல் ஃபோன் மனைவியின் அக்காவுக்கு.

"அண்ணி, நான்தான். கேளுங்க. அவ பாத்துட்டுத்தான் இறங்கியிருக்கா. ஆமா. நின்னு, ரெண்டு பக்கமும் பாத்துட்டு. நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. தப்பு அண்ணி. அந்த டிரைவரே எல்லார் முன்னாடியும் சொல்லிட்டான்."

அடுத்து அம்மாவுக்கு. அம்மாவுக்குக் காது மந்தம் போலிருக்கிறது, கத்தினார். நடைபாதையில் போன எழுத்தர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர், "மெதுவா பேசுங்க, ஆபீஸ் இது" என்றார். வேன்காரர் அவரை ஏறிட்டுப் பார்த்த பார்வையில் அவர் போய்விட்டார். அடுத்த ஃபோன். "அவ பாத்துட்டுத்தான் இறங்கினா. பாத்துட்டுத்தான். அவன் வேணும்னேதான் சத்தத்தை மாத்தல." அதற்கடுத்த ஃபோன், மகளுக்கு. அதில் மட்டும், "உங்கம்மா…" என்று தொடங்கி, முடிக்க முடியாமல் நின்றார். பிறகு திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார்.

அதற்குள் சித்தப்பா வெளியே வந்துவிட்டார். தொப்பி கையில் இருந்தது. வண்டிச் சாவியை உள்ளே வாங்கிக்கொண்டார்கள் என்று சித்தியிடம் சொன்னார். மேற்கொண்டு என்ன ஆகும் என்று கேட்டதற்கு, "தெரியல. கூப்பிடுவாங்களாம்" என்றார்.

வெளியே போக இருந்த ஒரே வழி வேன்காரர் நின்ற ஜன்னலைத் தாண்டித்தான். அவர் இன்னும் மகளிடம் பேசிக்கொண்டிருந்தார். சித்தப்பாவைப் பார்த்ததும் அவர் குரல் இன்னும் உயர்ந்தது. "இதோ நிக்கிறான். என் எதிர்லயேதான் நிக்கிறான்."

சித்தி சித்தப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க, போயிடலாம். அவரு சத்தத்தைக் கேட்டு எல்லாரும் பாக்குறாங்க."

"பேசி முடிக்கட்டும்" என்றார் சித்தப்பா. நகராமல் அங்கேயே நின்றார்.